கேப்டன் அறை வாசலில் ஒரு சிப்பாய்

போன மே மாத விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பிளஸ் ஒன் முடித்திருக்கிறான். பகல் முழுவதும் லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. பையன் கதை எழுதுகிறான். விண்வெளிக் கதை. இன்னும் முந்நூறு வருடம் கழித்து நடக்கிறதாம். கிரகத்துக்குக் கிரகம் போகும் ஒரு கடற்படை. அதில் ஒரு சின்னப் போர்க்கப்பல்.

"தாத்தா, உங்களுக்குத்தான் சரித்திரம் தெரியுமே, ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றான்.

"கேள்டா."

"என் கப்பல்ல மொத்தம் நாற்பத்தைந்து பேர். அதுல மரைன் வைக்கலாமா, வேண்டாமா? பெரிய கப்பல்னா எல்லாக் கதையிலும் வைக்கிறாங்க. சின்னக் கப்பல்ல இடம் ஏது? சண்டைன்னா ஏவுகணைதான். துப்பாக்கி வச்சிருக்கிற சிப்பாய் அங்க சும்மா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பானா?"

விண்வெளியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நாற்பத்தைந்து பேர், சின்னக் கப்பல், மரைன் உண்டா இல்லையா என்றதும் எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. அதன் பெயர் பவுண்டி.

அந்தப் பெயர் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே பழக்கம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். வருடக் கடைசியில் பரிசளிப்பு விழாவில் புத்தகம் கொடுப்பார்கள். ஒரு வருடம் எனக்குக் கிடைத்தது ஜூல் வெர்ன் எழுதிய 'பேகத்தின் ஐம்பது கோடி'. 1879இல் வந்த கதை. அதோடு சேர்த்து 'பவுண்டியின் கலகக்காரர்கள்' என்று ஒரு சின்ன வரலாற்றுக் கதையும் அச்சாகியிருந்தது. பேகத்தின் கதையை விட அந்தச் சின்னக் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நடுக்கடலில் கேப்டனைப் படகில் இறக்கிவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

எப்படி அது முடிந்தது என்ற கேள்வி மட்டும் வெகுநாள் மனதில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் விவரம் கிடைத்தது. அதைத்தான் பேரனிடம் சொன்னேன்.

முதலில் மரைன் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவன் மாலுமி அல்ல. கப்பலில் வேலை பார்க்கும் சிப்பாய். இங்கிலாந்தில் 1664இல் முதன்முதலாக 1,200 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவை இதற்காகவே திரட்டினார்கள். பிறகு கலைத்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். 1755இல்தான் ஐம்பது கம்பெனிகளாகச் சேர்த்துக் கடற்படைத் தலைமையின் கீழ் நிலையாக வைத்தார்கள். பிரான்சிலும் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கடற்படைக்கென்று தனிக் காலாட்படைக் கம்பெனிகள் இருந்தன. நம் ஊர் பெரியவர்கள் பலர் வேலை பார்த்த பிரெஞ்சுக் காலனிப் படை அந்த வழியில் வந்ததுதான். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நங்கூரச் சின்னம் போட்ட தொப்பி ஒன்று இருக்கும். தரையில் சண்டை போட்டவருக்கு எதற்கு நங்கூரம் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். காரணம் இதுதான்.

மரைனுக்குக் கப்பலில் என்ன வேலை? சண்டையில் எதிரிக் கப்பல் பக்கத்தில் வந்தால் துப்பாக்கியால் சுடுவது, கரையில் இறங்க வேண்டுமென்றால் முதலில் இறங்குவது. இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு வருடப் பயணத்தில் சண்டை எத்தனை நாள்? ஒரு நாள், இரண்டு நாள். சில சமயம் ஒன்றுமே இல்லை. மற்ற நாளெல்லாம் அவன் வேலை காவல்தான். வெடிமருந்து அறை வாசலில் ஒருவன், சாராயம் வைத்திருக்கும் அறை வாசலில் ஒருவன், குடிநீர்ப் பீப்பாய் பக்கத்தில் ஒருவன், கேப்டன் அறை வாசலில் ஒருவன்.

கவனியுங்கள். இந்த நாலு இடத்துக்கும் எதிரி வரப் போவதில்லை. வந்தால் சொந்தக் கப்பல் ஆட்கள்தான் வருவார்கள். மரைன் காவல் காத்தது பெரும்பாலும் தன் கப்பல் மாலுமிகளிடமிருந்துதான். அவர்கள் படுக்கும் இடத்தைக்கூட மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில்தான் ஒதுக்குவது வழக்கம். நடுவில் ஒரு சுவர் மாதிரி.

பெரிய கப்பல்களில் பீரங்கி ஒன்றுக்கு ஒரு மரைன் என்பது பொதுவான கணக்கு. 1805இல் டிரஃபால்கர் சண்டையில் நெல்சனின் விக்டரி கப்பலில் 104 பீரங்கிகள். மரைன்கள் 140க்கும் மேல். பதினெட்டுப் பீரங்கி வைத்த சின்னக் கப்பல் என்றால் நூற்றிருபது ஆட்களில் பதினைந்து இருபது மரைன்கள் இருப்பார்கள். அதற்கும் சின்னதாகப் போனால்தான் பேரன் கேட்ட கேள்வி எழுகிறது. இடம் ஏது?

இப்போது பவுண்டிக்கு வருகிறேன். அது முதலில் நிலக்கரி ஏற்றிய வணிகக் கப்பல். 215 டன். நீளம் சுமார் 91 அடி, அகலம் 24 அடி. நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரிதல்ல. 1787இல் கடற்படை அதை வாங்கியது. சண்டைக்காக அல்ல. தஹித்தித் தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை எடுத்துக்கொண்டு போய் மேற்கிந்தியத் தீவுகளில் நடவேண்டும். அங்கே கரும்புத் தோட்டத்தில் உழைத்த அடிமைகளுக்கு மலிவான சாப்பாடு வேண்டும் என்பது முதலாளிகளின் கணக்கு. சீமைப்பலா வேறொன்றுமில்லை. மாஹேயில் வேலை பார்த்த நண்பர்கள் கடச்சக்கைக் கறி சாப்பிட்டிருப்பார்கள். அதேதான்.

கன்றுகளுக்கு இடம் வேண்டுமே? கப்பலின் பின்பக்கம் கேப்டனுக்கென்று இருக்கும் பெரிய அறையைப் பிரித்து 600க்கும் மேற்பட்ட தொட்டிகள் வைக்கத் தட்டுகள் அடித்தார்கள். கேப்டன் வில்லியம் பிளைக்கு ஒரு சின்ன அறை. கேப்டன் என்று சொல்கிறேனே தவிர, அவருக்குப் பதவி லெப்டினன்ட்தான். கப்பல் சின்னது என்பதால் கடற்படைப் பட்டியலில் அதைக் கடைசி வகையில் சேர்த்துவிட்டார்கள். அந்த வகைக் கப்பலுக்கு ஒரு லெப்டினன்ட் போதும், அவருக்குக் கீழே பட்டயம் பெற்ற அதிகாரி வேறு யாரும் கிடையாது, மரைனும் கிடையாது. புறப்படுவதற்கு முன் பதவி உயர்வு கேட்டுப் பார்த்தார் பிளை. கிடைக்கவில்லை. குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு இது புரியும். பட்டியலில் எந்தக் கலத்தில் பெயர் விழுகிறதோ அதற்குத் தகுந்த ஆட்கள்தான் கிடைப்பார்கள். வேலை எவ்வளவு கஷ்டம் என்று யாரும் பார்ப்பதில்லை.

பவுண்டி 1787 டிசம்பரில் 46 பேரோடு புறப்பட்டது. தஹித்திக்குப் போய்ச் சேர்ந்தது 1788 அக்டோபரில். கன்றுகள் வேர் பிடிக்கும் வரை ஐந்து மாதம் அங்கேயே தங்கினார்கள். அந்தத் தீவின் சுகத்தை விட்டு வர ஆட்களுக்கு மனமில்லை. இடையிலேயே மூன்று பேர் துப்பாக்கிகளோடு படகை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பிடிபட்டார்கள். திரும்பும் வழியில் 1789 ஏப்ரல் 27ஆம் தேதி, தன் தேங்காய்களைத் திருடிவிட்டார்கள் என்று பிளை எல்லோர் முன்னிலும் சத்தம் போட்டார். அவருடைய உதவி அதிகாரி பிளெட்சர் கிறிஸ்டியனையே திருடன் என்று திட்டினார். பிளை அந்தக் காலக் கேப்டன்களில் பலரைவிடக் கசையடி குறைவாகக் கொடுத்தவர்தான். அவருக்கு நாக்குதான் சரியில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கலகம். நடந்த விதத்தைப் பாருங்கள். துப்பாக்கிப் பெட்டியின் சாவி ஆயுதம் பழுது பார்க்கும் கோல்மனிடம் இருந்தது. சுறா மீன் தெரிகிறது, சுட வேண்டும் என்று சொல்லி கிறிஸ்டியன் சாவியை வாங்கிவிட்டார். பெட்டிக்குக் காவல் இல்லை. பெட்டியின் மேல் ஒரு பயிற்சி அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தார். பிளை தன் அறைக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குபவர். வாசலில் ஆள் இல்லை. எழுந்து பார்க்கும்போது கையைக் கட்டிவிட்டார்கள். ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடவில்லை.

பிளையையும் அவரோடு 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். கப்பலில் தங்கிய 25 பேரும் கலகக்காரர்கள் அல்ல. படகில் இடமில்லாமல் சிலர் நிற்க வேண்டியதாயிற்று. சாவி கொடுத்து ஏமாந்த கோல்மனும் அதில் ஒருவர். அந்தத் திறந்த படகில் பிளை 3,600 கடல் மைலுக்கு மேல் ஓட்டி திமோர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் தோபுவா என்ற தீவில் ஒருவர் கொல்லப்பட்டார். மற்றவர்களை உயிரோடு கரை சேர்த்துவிட்டார். அந்த மனிதரின் திறமையில் யாரும் குறை சொல்ல முடியாது.

"அப்போ பத்து மரைன் இருந்திருந்தா கலகம் நடந்திருக்காது. அதானே தாத்தா?" என்றான் பேரன்.

கடற்படையும் அப்படித்தான் நினைத்தது. 1791இல் அதே சீமைப்பலா வேலைக்கு பிளையை மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை பிராவிடன்ஸ் என்ற பெரிய கப்பல், கேப்டன் பதவி, கீழே லெப்டினன்ட்கள், இருபது மரைன்கள். கன்றுகள் 1793இல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. இதோடு நிறுத்தினால் கதை சுலபமாக முடிந்துவிடும்.

ஆனால் மரைனும் மனிதன்தானே? கேப்டன் குக்கின் எண்டவரும் நிலக்கரிக் கப்பல்தான், ஆனால் பவுண்டியைவிடப் பெரிது. 1768இல் புறப்பட்டபோது 94 பேரில் 12 பேர் மரைன்கள். அதில் கிரீன்ஸ்லேட் என்று ஓர் இளைஞன், இருபது வயதுக்காரன். அறை வாசலில் காவல் நிற்கும்போது அங்கே வைத்திருந்த கடல்நாய்த் தோலில் ஒரு துண்டை எடுத்துவிட்டான். புகையிலைப் பை செய்யும் தோல். அதற்கு மேல் மதிப்பில்லை. அவனுடைய சார்ஜென்ட், மரைன் படைக்கே அவமானம், கேப்டனிடம் சொல்லத்தான் போகிறேன் என்றார். பையன் யாரிடமும் பேசாமல் மேல்தளத்துக்குப் போனான். கடலில் குதித்துவிட்டான். 1769 மார்ச் மாதம். மாலுமிகளோடும் சேராமல் அதிகாரிகளோடும் சேராமல் நடுவில் சுவராக நிற்பவனின் நிலை அது. நூறு பேர் இருக்கும் கப்பலில் அவனுக்கு ஆறுதல் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அடுத்தது ஹெர்மியனி. 32 பீரங்கிக் கப்பல். 1797 செப்டம்பர். கேப்டன் ஹியூ பிகாட். பாய்மரத்திலிருந்து கடைசியாக இறங்குபவனுக்குக் கசையடி என்று உத்தரவு போட்டார். அவசரமாக இறங்கிய மூன்று இளைஞர்கள் தளத்தில் விழுந்து செத்தார்கள். உடல்களைக் கடலில் எறியச் சொன்னார். மறுநாள் இரவு கலகம். அந்தக் கப்பலில் மரைன்கள் இருந்தார்கள். கேப்டன் வாசலில் காவலுக்கு ஆள் நின்றான். அவனை அடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். கேப்டனையும் ஒன்பது அதிகாரிகளையும் கொன்றார்கள். அதே வருடம் ஸ்பிட்ஹெட் துறைமுகத்தில் சம்பளத்துக்காக மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது மரைன்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

பிளையின் கதையும் பிராவிடன்ஸோடு முடியவில்லை. 1806இல் அவர் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் காலனிக்குக் கவர்னராகப் போனார். இப்போது அவரைச் சுற்றி ஒரு படைப்பிரிவே இருந்தது. 1808 ஜனவரி 26ஆம் தேதி – நமக்குக் குடியரசு தினம் என்பதால் எனக்கு மறக்காது – அந்தப் படையே அணிவகுத்து வந்து கவர்னரைக் கைது செய்தது. தலைமை தாங்கி வந்தவர் மேஜர் ஜான்ஸ்டன். இருபது வருடத்துக்கு முன் அவர் அந்த நாட்டுக்கு வந்து இறங்கியது மரைன் லெப்டினன்டாக! காவல் இல்லாததால் ஒரு முறையும், காவலர்களாலேயே ஒரு முறையும் பதவி போனது பிளைக்கு.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு நான் பார்த்த ஒரு வாசல் ஞாபகம் வந்தது. பேரனிடம் அதையும் சொன்னேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. ஒரு சின்னக் கிளை அலுவலகம். நாங்கள் பதினான்கு பேர். புதிதாக ஓர் அதிகாரி வந்தார். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் வாயைத் திறந்தால் வசவு. வந்த வாரமே தன் அறை வாசலில் ஸ்டூல் போட்டு பியூனை உட்கார வைத்தார். சீட்டு எழுதிக் கொடுக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. சீட்டுக் கொடுத்தாலும் பாதி திரும்பி வரும். பியூன் பாவம், அதுவரை எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தவர். பிறகு அவருக்கு நாங்களும் டீ சொல்வதில்லை.

அப்போது ஒரு விதவையின் குடும்பப் பென்ஷன் காகிதம் போனது. கணவர் வேலையில் சேர்ந்த வருடம் தப்பாகத் தட்டச்சாகியிருந்தது. நான் பார்த்தேன். அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே பார்த்தேன். உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். வாசலைப் பார்த்தேன், ஸ்டூலைப் பார்த்தேன், அன்று காலை எனக்குக் கிடைத்த வசவை நினைத்தேன். மேலே போகட்டும், அவர்களே திருப்பி அனுப்புவார்கள் என்று விட்டுவிட்டேன். திருப்பித்தான் அனுப்பினார்கள். ஏழு மாதம் கழித்து. அந்த ஏழு மாதமும் அந்த அம்மாள் வாராவாரம் நடந்தே வந்து வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். "தம்பி, வந்திருக்கா?" என்று என்னைத்தான் கேட்பார்.

அதிகாரிமேல் தப்பு என்று அப்போது சொல்லிக்கொண்டேன். வாசலில் ஆளை வைத்தவர் அவர்தான். ஆனால் அந்த ஆளைத் தாண்டிப் போகாதவன் நான்.

பவுண்டியிலும் பாருங்கள். அன்று காலை பிளையோடு படகில் ஏறத் தயாராக 18 பேர் இருந்தார்கள். கிறிஸ்டியன் சில நாளாகவே மனம் உடைந்திருந்தது பலருக்குத் தெரியும். முந்தின நாளே ஒருவர் கேப்டனிடம் போய், "ஐயா, ஆட்கள் மனசு சரியில்லை, தேங்காய் விஷயத்தை விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. போனவர் யாருமில்லை. வாசலில் சிப்பாய் இல்லையென்றாலும் அந்த நாக்கே காவல் நின்றது.

"சரி தாத்தா, என் கப்பல்ல வைக்கவா வேண்டாமா?" பேரன் விடவில்லை.

வை என்றேன். ஆனால் காவலுக்கு மட்டும் வைக்காதே. நம் ஊரில் சுஃப்ரேன் வீதி இருக்கிறது. புஸ்ஸி வீதி இருக்கிறது. 1783 ஜூனில் அந்த இருவரும் கடலூரில் சேர்ந்தார்கள். கடலில் அட்மிரல் சுஃப்ரேனிடம் 15 கப்பல்கள், ஆங்கிலேயரிடம் 18. சுஃப்ரேனிடம் பீரங்கி இழுக்க ஆள் போதவில்லை. கரையில் இருந்த புஸ்ஸியின் படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஜூன் 20ஆம் தேதி சண்டை. ஆங்கிலேயக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டன. அன்று அந்தச் சிப்பாய்கள் யார் வாசலிலும் நிற்கவில்லை. மாலுமிகளோடு சேர்ந்து பீரங்கி இழுத்தார்கள்.

சின்னக் கப்பலில் சும்மா நிற்க ஒருவனுக்கு இடம் கிடையாது. உன் மரைனுக்கு இன்னொரு வேலை கொடு. இயந்திரம் பழுது பார்க்கட்டும், அடுப்படியில் நிற்கட்டும், மருத்துவருக்கு உதவட்டும். ஆயுதப் பெட்டிச் சாவி மட்டும் ஒருவனிடம் தனியாக இருக்க வேண்டாம்; இரண்டு சாவி வை. கேப்டன் வாசலில் ஆள் வைக்காதே. வைத்தால், யார் வந்தாலும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே அனுப்பும் ஆளாக வை.

குறித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "அந்தப் பாட்டி என்ன ஆனாங்க தாத்தா?" என்றான்.

"பென்ஷன் வந்தது. பாக்கியும் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்."

"நீங்க அன்னைக்கு உள்ள போயிருக்கணும்."

"போயிருக்கணும்டா" என்றேன்.

கதையை இன்னும் முடிக்கவில்லையாம். முடித்தால் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஆங்கிலத்தில்தான் எழுதுகிறான், படித்துவிட்டு இங்கே சொல்கிறேன்.